கன்றுக்குட்டி திருத்திய ஷூ மெத்தை

லோயிஸ் சிஸ்டரின் ஷூ கயிறு ஏற்றத்தில்தான் அவிழும். சமதரையில் அது அவிழ்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மஞ்சூரைத் தாண்டி குந்தா பவர் ஹவுஸுக்குப் போகிற வழியில் இருந்த துணை சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ், நான் ஆயா. தடுப்பு மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடப்பது என் வேலை. அவிநாசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள் நான். வேலையில் சேர்ந்த புதிதில், மேடு ஏறினால் நெஞ்சை அடைத்துக்கொள்ளும். “கொஞ்சம் நில்லுங்க” என்று சொல்ல வெட்கம். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமும் உண்டு. எனக்கு எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ, சரியாக அந்த இடத்தில் சிஸ்டரின் கயிறு அவிழ்ந்துவிடும். ஒரு காலைக் கல்லின் மேல் தூக்கி வைத்து, நிதானமாக முடிச்சுப் போடுவார். அவர் நிமிரும்போது எனக்கு மூச்சு திரும்பியிருக்கும்.

“நல்ல கயிறா ஒண்ணு வாங்கிப் போடுங்க சிஸ்டர்” என்று நானே அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

“வாங்கணும்மா” என்பார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு வளைவில் திரும்பும்போது பார்த்தேன். சேலையைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்து, கயிற்றின் நுனியை அவரே இழுத்துவிட்டார். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. அன்று இரவு சாமி விளக்கின் முன்னால் உட்கார்ந்து முருகனிடம் மட்டும் சொன்னேன்.

அந்த ஷூ வந்த கதையைச் சொல்ல வேண்டும். தொண்ணூற்று நாலாம் வருஷம் கோயமுத்தூர்க் கல்லூரிப் பையன்கள் சிலர் மலை ஏற வந்திருந்தார்கள். அதில் ஒருவன் கால் பிசகி, கூட்டாளிகள் தூக்கிக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்தான். சிஸ்டர் கட்டுப் போட்டு, இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அவன் அப்பா ஜீப்பில் வந்து கூட்டிப் போனபோது, வீங்கின கால் ஷூவுக்குள் நுழையவில்லை. இரண்டையும் விட்டுவிட்டுப் போனான். சிஸ்டர் கடுதாசி போட்டதற்கு, “நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் ஆன்ட்டி, உங்களைப் போல நடக்கிறவர் காலில் இருந்தால்தான் அதற்கும் மரியாதை” என்று பதில் எழுதியிருந்தான்.

மலை ஏறுகிறவர்கள் போடுகிற கனத்த ஷூ அது. அடியில் டிராக்டர் டயர் மாதிரிப் பல் பல்லாக இருக்கும். பையன் கால் ஒன்பது, சிஸ்டர் கால் ஏழு. வெளிர் நீலச் சேலைக்குக் கீழே அது இரண்டும் இரண்டு எருமைக் கன்றுகள் மாதிரி முன்னால் போகும். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் பிள்ளைகள் ஓடி வந்து சேலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். “பாத்தாச்சா? இப்ப உன் தொடையைக் காட்டு” என்று ஊசியை எடுப்பார். எந்தக் குழந்தையானாலும் சரி, கைக்குழந்தையானாலும் சரி, “தங்கம், போட்டுக்கலாமா? என் மேல கோவமில்லையே?” என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார்.

நாசரேத்துக்காரர். இருபத்துமூன்று வயதில் வேலை கிடைத்து மலைக்கு வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடக்கும்போது மெதுவாக ஏசு பாட்டுப் பாடுவார். நான் பின்னால் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வருவேன். “ரெண்டு பேரும் சேந்து கூப்பிடுறோம், ஒருத்தராவது இறங்கி வந்து இந்தப் பெட்டியைத் தூக்க மாட்டேங்கிறாங்களே” என்பார்.

ஐம்பத்தைந்து வயது நடக்கும்போது சிஸ்டருக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடியில் முள் குத்தின மாதிரி இருக்குமாம். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு வருவார். அந்தச் சமயம் பார்த்துப் புது டாக்டர் வந்தார். சண்முகசுந்தரம் என்று பெயர், தஞ்சாவூர்ப் பக்கம், முப்பது வயதுகூட இருக்காது. நல்ல மனுஷர். சிஸ்டர் சுவரைப் பிடித்ததைப் பார்த்துவிட்டார்.

“அக்கா, இனிமே நீங்க நடக்க வேணாம். ஊட்டியில மருந்து ஸ்டோர்ல இடம் இருக்கு. எழுதி அனுப்பட்டுமா? உக்காந்து பாக்குற வேலை.”

“உக்காந்து யாருக்கு சார் சொட்டு மருந்து குடுக்கிறது? அலமாரிக்கா?”

டாக்டர் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. “எஸ்டேட் உச்சில இருக்கிற மேல் டிவிஷனுக்குப் போய் வரதுக்குள்ள ஐஸ் கரைஞ்சா மருந்து வீணாப் போயிரும். அப்புறம் அந்த ஊசியைப் போட்டும் பிரயோஜனம் இல்ல. நான் சொல்றது தப்பா?”

தப்பில்லை. அது சிஸ்டருக்கும் தெரியும். கடைசியில் டாக்டரே ஒரு வழி சொன்னார். புதன்கிழமைதான் ஊசி நாள். செப்டம்பர் கடைசிப் புதன் அவரும் கூட வருவார். ஐஸ் கரையுமுன் சிஸ்டர் மேல் டிவிஷன் போய்த் திரும்பினால், ரிட்டையர் ஆகும்வரை இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஸ்டோர்.

மேல் டிவிஷனில் மல்லிகா என்று ஒரு பெண், கொழுந்து பறிக்கிறவள், அப்போது முழுகாமல் ஐந்து மாசம். முதல் பிரசவத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, “லோயிஸ் சிஸ்டர் வந்து கூட்டினாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்” என்று சொல்லிவிட்டாள். சிஸ்டர் மனசில் ஓடினது ஸ்டோர் நாற்காலி அல்ல, அவள்தான்.

ஆகஸ்டு மாசம் முழுக்க நாங்கள் ஷூவுக்குள் போட ஒரு மெத்தை தேடினோம். பழைய மெத்தை தேய்ந்து பப்படம் மாதிரி ஆகியிருந்தது. முதலில் செய்தித்தாளை மடித்து வைத்தோம். மழையில் கூழாகி, சாயங்காலம் எழுத்தெல்லாம் காலில் இருந்தது. ஆஸ்பத்திரிப் பஞ்சு கட்டுக்கட்டாக இருக்கிறதே என்றேன். “அது அரசாங்கப் பஞ்சு, என் குதிகாலுக்கு வாங்கினது இல்ல” என்று அலமாரியைப் பூட்டினார்.

பவர் ஹவுஸில் லைன்மேன் தனசிங் என்று ஒருவர், சிஸ்டர் போகிற சர்ச்சுக்காரர். பழைய இரும்புக் கடையில் கெட்டி ரப்பர் ஷீட் வாங்கி அளவாக வெட்டிக் கொண்டு வந்தார். “லாரி ஏறினாலும் நசுங்காது சிஸ்டர்” என்றார். நசுங்கவில்லைதான். ஆனால் அடிக்கு அடி கீச் கீச் என்று சத்தம். நாங்கள் வருவது இரண்டு வளைவுக்கு முன்பே தெரிந்து, ஊசிக்குப் பயந்த பிள்ளைகள் எல்லாம் தேயிலைக்குள் ஒளிந்துகொண்டார்கள். அன்று பாதிப் பேருக்குத்தான் ஊசி போட முடிந்தது.

ஊட்டிக்குப் போய் ஒரு கடையிலும் கேட்டோம். கடைக்காரப் பையன் பன் மாதிரி மெத்தென்ற ஒன்றைக் கொடுத்தான். விரலால் அமுக்கினால் புதைந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அதைப் போட்டு இரண்டு நாள் நடந்ததில் வலி இரட்டிப்பானது. மெத்தென்று இருந்தால் வலிக்காது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அது ஏன் இப்படி ஆகிறது என்று நர்ஸான அவருக்கே விளங்கவில்லை.

விளங்கினது கிருஷ்ண ஜெயந்தி அன்று. மூணாம் நம்பர் லைனில் இசக்கியம்மா வீடு. கொழுந்து பறிக்கிறவர், திருநெல்வேலிப் பக்கம், வாய் கொஞ்சம் நீளம். மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தோம். ஷூவையும் நனைந்த சாக்ஸையும் வாசலில் கழற்றிவிட்டு சிஸ்டர் உள்ளே நடந்தார். இசக்கியம்மா அப்போதுதான் அரிசி மாவில் கையை மடக்கித் தோய்த்து, வாசலிலிருந்து சாமி படம் வரை குட்டிக் கிருஷ்ணன் பாதம் வைத்து முடித்திருந்தார். பக்கத்திலேயே சிஸ்டரின் ஈரப் பாதமும் சிமெண்டுத் தரையில் வரிசையாக விழுந்தது.

“ஐயோ, மிதிச்சிட்டேனா?”

“மிதிக்கல நர்சம்மா. ஆனா இங்க பாருங்க, வேடிக்கைய. கிருஷ்ணன் பாதத்துக்கு நடுவுல இடுப்பு இருக்கு பாத்தியளா? ஒங்க பாதத்துக்கு இடுப்பையே காணும்! செங்கல்ல வச்சி எடுத்த மாரில்லா இருக்கு!”

“அக்கா, நாள் கிழமையில பேசற பேச்சாங்க இது?” என்று நான் அதட்டினேன். சிஸ்டர் அதட்டவில்லை. குனிந்து இரண்டு பாதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

“முப்பது வருசமா ஊருல உள்ள பிள்ளைகள் காலையெல்லாம் தூக்கித் தூக்கிப் பாத்தேன். என் காலை நான் பாக்கலையே வேலாமணி! உள்ளங்கால் குழி மொத்தமா இறங்கிப் போச்சு. முட்டுக் குடுக்க வேண்டியது நடுவுல. நான் குதிகாலுக்கு மெத்தை போட்டுக்கிட்டுத் திரியுதேன்!”

எழுந்தவர் சாமி படத்தைப் பார்த்து, “ரொம்ப நன்றி தம்பி” என்றார். எந்தச் சாமி எந்தத் தரையில் எழுதிக் காட்டும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. இசக்கியம்மா இரண்டு பேர் கையிலும் சீடையைத் திணித்தார்.

மெத்தை தைக்கும் வேலையை இசக்கியம்மாவே எடுத்துக்கொண்டார். பழைய ஹவாய்ச் செருப்பிலிருந்து பிறை மாதிரி இரண்டு துண்டு வெட்டி, உள்ளங்கால் குழி இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். அதன் மேலும் கீழும் கம்பளி வைத்து, சாக்குத் தைக்கிற ஊசியால் சுற்றித் தைத்தார். சிஸ்டர் போட்டுக்கொண்டு முற்றத்தில் நாலு சுற்று நடந்தார்.

“குதிகால் சிரிக்குது. ஆனா விரல்தான் அழுவுது. முன்னால கம்பளி தடிச்சு நிக்குது, இடம் பத்தல.”

“நடக்க நடக்கப் படிஞ்சிரும். ரெண்டையும் குடுத்துட்டுப் போங்க, ஓரம் இன்னொரு தையல் போடணும்” என்றார் இசக்கியம்மா.

டாக்டர் கூட வருகிற புதன்கிழமை காலையில் அவர் வீட்டில் வாங்கிப் போட்டுக்கொள்வதாகப் பேச்சு. ஓரம் தைத்ததோடு அவர் நிறுத்தவில்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் காலில் அட்டை ஏறாமலிருக்க எல்லாரும் சாக்ஸை உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைப்போம். அன்பு மிகுதியில் அவர் மெத்தையையும் கெட்டியான உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடுப்பு மேல் காயவைத்திருக்கிறார். எங்களிடம் சொல்லவும் இல்லை.

அந்தப் புதன் நல்ல வெயில். டாக்டர் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டு, கையில் வாட்சைப் பார்த்தபடி வந்தார். காலை எட்டரைக்கு ஐஸ் பெட்டியை மூடினோம். மூணாம் நம்பர் லைனில் சிஸ்டர் மெத்தைகளை ஷூவுக்குள் வைத்து, வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். நானும் டாக்டரும் செருப்பையும் ஷூவையும் கழற்றினோம். ஏழு குழந்தைகள். ஏழு பேரிடமும் கோபமில்லையே என்று கேட்டுத்தான் போட்டார்.

வெளியே இசக்கியம்மா போட்ட கூச்சலில் நாங்கள் ஓடி வந்தோம். அவர் வீட்டுச் செவலைக் கன்று இடது ஷூவைக் கவிழ்த்துப் போட்டு, மெத்தையை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது.

“அட மூதேவி! விடுளா! உப்புன்னா ஒனக்கு அவ்வளவு ருசியா?”

“உப்பா? அதுல எப்படிக்கா உப்பு வந்துச்சு?” என்றேன்.

இசக்கியம்மா கன்றின் வாலைப் பிடித்தார். கன்று லைனைச் சுற்றி ஓட, அவர் ஓட, பிள்ளைகள் ஓட, கடைசியில் டாக்டர்தான் பிடித்தார். ஏர் பிடிக்கிற குடும்பம் போலிருக்கிறது, கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு நிறுத்தி, வாயிலிருந்து பிடுங்கினார். முன்பாதி போயிருந்தது. விரல் வைக்கிற கம்பளி மொத்தமும் கன்றின் வயிற்றில். ரப்பர் பிறையும் குதிகால் பாகமும் மட்டும் எச்சிலோடு மிச்சம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மல்லிகாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. டாக்டர், “வேணும்னா இன்னொரு நாள் வெச்சுக்கலாம் அக்கா” என்றார்.

“ஐஸுக்கு இன்னொரு நாள் உண்டா சார்?” என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கழுவித் துடைத்து ஷூவுக்குள் வைத்து, கயிற்றைக் கட்டி நடக்க ஆரம்பித்தார்.

நான் பின்னாலேயே போய், “வலிக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“பேசாம வா.”

கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டேன். நின்று திரும்பினார். முகத்தில் ஒரு திகைப்பு.

“வேலா, இடது கால்ல விரலெல்லாம் நீட்டிப் படுத்துத் தூங்குது. வலது கால்தான் முனகுது.”

அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்து வலது மெத்தையை உருவி, கட்டு வெட்டுகிற கத்தரியை எடுத்து முன்பாதியை வெட்டி எறிந்தார்.

“அரசாங்கக் கத்தரியாச்சுங்களே!” என்றேன்.

“பஞ்சு தீர்ந்து போகும். கத்தரி தீராது. கர்த்தர் கணக்கு கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.”

அதற்குப் பிறகு சிஸ்டர் நடந்த நடை இருக்கிறதே, நான் அவரோடு வேலை பார்த்த வருஷங்களில் அப்படிப் பார்த்ததில்லை. பாட்டும் சத்தமாகவே வந்தது. மேல் டிவிஷனுக்கு ஏறுகிற கல் படி இருநூற்றுக்கு மேல் இருக்கும். பாதி ஏறும்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டாக்டர். முகம் தக்காளி மாதிரிச் சிவந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சமவெளிக்காரர், மலைக்கு வந்து மூன்று மாசம்தான். நான் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, ஒன்றுமில்லாதவர் போல வாட்சைப் பார்த்தார். அந்த வெட்கம் எனக்குத் தெரிந்த வெட்கம்.

முன்னால் போன சிஸ்டர் நின்றார். சேலையைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்தார்.

முருகா, இன்னைக்கு மட்டும் வேண்டாம், என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவர் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவர் கணக்கில்தானே கழியும். சோதிக்க வந்தவரே டாக்டர்தானே. சிஸ்டருக்கு அதெல்லாம் தெரியாதா? காலைக் கல்லில் வைத்து நிதானமாக முடிச்சுப் போட்டார். டாக்டர் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி மூச்சு வாங்கினார். உச்சிக்குப் போவதற்குள் அந்தக் கயிறு மூன்று தடவை அவிழ்ந்தது.

மேலே மல்லிகா வாசலிலேயே நின்றாள். “வந்துட்டீங்களா! ஸ்டோருக்குப் போயிட்டதாச் சொன்னாங்க?”

“ஸ்டோருக்கு ஒரு கன்னுக்குட்டியை அனுப்பலாம்னு இருக்கோம்” என்றார் சிஸ்டர்.

நிலையத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. டாக்டர் பெட்டியைத் திறந்து ஐஸ் டப்பாவைக் காதருகில் வைத்து ஆட்டினார். ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர்ச் சத்தம், நடுவில் கட்டியாக இடித்தது. மறுபடி ஆட்டினார். பிறகு டப்பாவை வைத்துவிட்டு, ரெஜிஸ்டரை இழுத்து, லோயிஸ் இங்கேயே தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார், “எல்லாம் சரிதான் அக்கா. ஆனா நீங்க நல்ல கயிறா ஒண்ணு வாங்கிப் போடுங்க.”

“வாங்கணும் சார்” என்றார் சிஸ்டர்.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவிட்டேன்.

டிசம்பரில் மல்லிகாவுக்குப் பெண் குழந்தை, ஆஸ்பத்திரியில், சிஸ்டர் பக்கத்தில் நிற்க. இசக்கியம்மாவுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை. முன்பாதி இல்லாத அந்த மெத்தைக்குக் கன்னுக்குட்டி மெத்தை என்றே பெயராகிவிட்டது. தனசிங் முதல் ஆளாக வாங்கினார். டாக்டரும் ஒரு ஜோடி கேட்டு அனுப்பினார். உப்பு மட்டும் வேண்டாம் என்று சீட்டில் எழுதியிருந்தாராம்.

மூன்று வருஷமும் சிஸ்டர் நடந்தே முடித்தார். ரிட்டையர் ஆன மறுநாள், தம்பி வீட்டோடு இருக்க நாசரேத்துக்குக் கிளம்பினார். மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் தாங்கவில்லை. இசக்கியம்மா வழியில் தின்ன முறுக்கும், மூன்று ஜோடி மெத்தையும் கொடுத்தார். “சமதரையில எனக்கு எதுக்கு இம்புட்டு?” “வச்சிக்கிடுங்க நர்சம்மா, பரலோகத்துக்குப் படி எத்தனையோ!” எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கார்டு வரும், பொங்கலுக்கு நான் போடுவேன். ஏழு வருஷம் கழித்து தம்பி மகன் எழுதின கடுதாசி வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். அன்று நான் விளக்கோடு ஒரு மெழுகுவத்தியும் ஏற்றினேன்.

பஸ் ஸ்டாண்டில் அன்று, கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். சிஸ்டர் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். நான் எப்போதும் போல ரப்பர் செருப்புதான் போட்டிருந்தேன்.

“வேலா, புதுசா வர்ற சிஸ்டர் சமவெளிப் பிள்ளை. ஏத்தத்துல மூச்சு வாங்கும், ஆனா வாய் திறந்து சொல்லாது. உன் செருப்புல கயிறே இல்ல பாரு. கயிறு வச்ச ஷூ ஒண்ணு வாங்கிக்கோ.”